போன பயணத்துக்கு இன்னொரு முறை போய்வர

போனில் பதினெட்டாயிரம் படங்கள் கிடக்கும். கடைசியாகத் தேடி எடுத்துப் பார்த்தது எது என்று கேட்டால், ஏதோ ஒரு ரசீதின் படமாக இருக்கும். பயணம் போய்வந்த வாரத்தில் நாலு பேருக்கு அனுப்பினோம், ஒன்றை முகப்புப் படமாக வைத்தோம், அதோடு சரி. அப்புறம் அந்தப் பயணம் ஞாபகத்துக்கு வருவது, 'ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்' என்று போன் தானாக எதையாவது காட்டும்போதுதான். அதையும் இரண்டு நொடி பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிடுகிறோம்.

அந்தப் படங்களோடு சற்று நேரம் உட்கார்ந்து, போன பயணத்துக்குள் மறுபடி போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினியில் பெரிய பழக்கம் தேவையில்லை. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்குக் காப்பி செய்யத் தெரிந்தால் போதும்.

படம் எடுத்துவிட்டோம், இனி மறக்காது என்று நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சில பொருட்களைப் படம் எடுக்கச் சொன்னார், சிலவற்றை வெறுமனே பார்க்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, வெறுமனே பார்த்தவைதான் அவர்களுக்கு நன்றாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு பொறுப்பைக் கைகழுவிவிடுகிறது போலும். பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவற்றில் இந்தக் குறை தெரியவில்லை. கவனித்து எடுத்தது நிற்கிறது. பயணத்தின்போது கவனிக்காமல் விட்டதை இப்போது உட்கார்ந்து கவனிக்கலாம் என்பதுதான் இங்கே நான் சொல்லப்போகும் வேலை.

முதலில் ஒரே ஒரு பயணம்

பத்து வருடப் படங்களையும் ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் பார்ப்பேன் என்று ஆரம்பித்தால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே கைவிட்டுவிடுவீர்கள். நான் அப்படி மூன்று முறை கைவிட்டவன். ஒரு நாள் அல்லது இரண்டு நாள் போய்வந்த சின்னப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வருடமாவது பழையதாக இருக்கட்டும். கூட வந்தவர்களில் ஓரிருவரிடமாவது இன்றைக்குப் பேச முடிய வேண்டும்.

படத்தைத் திறப்பதற்கு முன் எழுதுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். படங்களைத் திறக்காமல், ஒரு தாளை எடுத்து, அந்தப் பயணத்தில் என்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறதோ அதைப் பத்து நிமிடம் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், யார் தாமதம், எதில் போனோம், எங்கே உட்கார்ந்தேன், எதற்காகச் சண்டை வந்தது. வரிசை வேண்டாம், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் முன்கூட்டியே? படம் ஞாபகத்தைத் தட்டி எழுப்பும், அதே கையோடு திருத்தியும் எழுதிவிடும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இருபது பேரிடம் அவர்களுடைய சின்ன வயசுப் படத்தை வெப்பக் காற்று பலூனில் ஏறியதுபோல் ஒட்டுவேலை செய்து காட்டினார்கள். அவர்கள் பலூனில் ஏறியதே இல்லை. ஆனாலும் ஓரிரு வார இடைவெளியில் நடந்த மூன்று நேர்காணல்களின் முடிவில், பாதிப் பேர் அந்தச் சவாரியை ஓரளவாவது 'நினைவுகூர்ந்தார்கள்'. படத்தைப் பார்த்த பிறகு எது பழைய ஞாபகம், எது இப்போது பார்த்ததால் வந்தது என்று பிரிக்க முடியாது. முன்பே எழுதிய தாள் ஒன்று இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஒப்பீடு எவ்வளவு சுவாரசியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லாரிடமிருந்தும் வாங்குங்கள்

நீங்கள் எடுத்த படங்களில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் பயணத்தில் பாதி மற்றவர்களின் போனில் கிடக்கிறது. கூட வந்தவர்களிடம் கேட்கும்போது, "நல்லதா நாலு அனுப்பு" என்று கேட்காதீர்கள். மங்கியது, தலை வெட்டுப்பட்டது, தெரியாமல் அமுங்கியது எல்லாமே வேண்டும் என்று கேளுங்கள். நமக்கு வேண்டியது அவற்றில்தான் அதிகம் இருக்கும்.

அவர்கள் வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் இரண்டு நஷ்டம். படம் சுருங்கிவிடும். எடுத்த தேதி, நேரம், இடம் ஆகிய விவரங்களும் படத்திலிருந்து உதிர்ந்துவிடும். அப்படி வந்த கோப்பின் பெயரில் ஒரு தேதியும் கூடவே 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளும் இருக்குமே, அந்தத் தேதி படம் எடுத்த நாள் அல்ல, வாட்ஸ்ஆப் வழியாக வந்து சேர்ந்த நாள். அதை நம்பி வரிசைப்படுத்தினால் எல்லாம் குழம்பும். படங்களை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது மூலக் கோப்பு அப்படியே வரும். பென் டிரைவில் வாங்கிவிட்டால் இன்னும் நிம்மதி.

மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போன், மெமரி கார்டு, சிடி எதையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் எழுதிய சிடிக்கள் வருடங்கள் போகப் போகப் படிக்க முடியாமல் போகக்கூடியவை, அதனால் இருந்தால் இன்றைக்கே காப்பி எடுங்கள். காப்பிதான், கட் அல்ல. மூலத்தை எங்கிருந்தும் அழிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, 2011-05-22 என்பதுபோல் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். அப்போதுதான் பின்னாளில் பல பயணங்கள் சேர்ந்தாலும் கணினியே காலவரிசையில் அடுக்கும். அதற்குள் 'அக்கா போன்', 'சித்தப்பா கேமரா' என்று ஆளுக்கொரு ஃபோல்டர். இந்தப் பிரிவு அடுத்த வேலைக்குக் கட்டாயம் வேண்டும்.

கடிகாரத்தைச் சரி செய்வது

கேமராவோ போனோ எடுக்கும் மூலப் படத்துக்குள் பொதுவாக எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கிறது. 1995இல் ஜப்பானில் உருவான முறை. எடுத்த நேரம், கேமராவின் பெயர், ஃபிளாஷ் எரிந்ததா, சில சமயம் இடமும்கூட அதில் பதிவாகியிருக்கும். ஆனால் நேரம் என்பது கேமரா நினைத்துக்கொண்டிருந்த நேரம்தான். பேட்டரியைக் கழற்றி ரொம்ப நாள் வைத்தால் பல கேமராக்கள் தொழிற்சாலைத் தேதிக்கே திரும்பிவிடும். கடல் தாண்டிப் போனால் போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கேமரா நம் வீட்டு நேரத்திலேயே பிடிவாதமாக நிற்கும். நேர மண்டலத்தைக் குறிக்கவே எக்ஸிஃபில் 2016 வரை தனி இடம் கிடையாது.

நாங்கள் எட்டுப் பேர் ஒரு அருவிக்குப் போய்வந்தோம். மூன்று கேமரா. எல்லாப் படங்களையும் சேர்த்து நேரப்படி அடுக்கினேன். காலையில் கிளம்பி, குளித்து, சாப்பிட்டு, இருட்டிய பிறகு வீட்டு வாசலில் இறங்குகிறோம். அதன் பிறகு இரவு பதினொன்றரை மணிக்குக் கொளுத்தும் வெயிலில் சித்தப்பா மறுபடி அருவியில் குளித்துக்கொண்டிருக்கிறார்! அவருடைய கேமராவில் காலை, மாலை மாறிப்போயிருந்தது. எவ்வளவு வித்தியாசம் என்று துல்லியமாகக் கண்டுபிடிக்க ஒரு படம் உதவியது. யாரோ பாறையைச் சுட்டிக்காட்டிக் கை நீட்டுகிறார், மணிக்கட்டில் கடிகாரம். பெரிதாக்கிப் பார்த்தால் 11:20. கோப்பில் இருந்த நேரம் 23:24. ஆக, அந்த ஃபோல்டர் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரமும் நாலு நிமிடமும் பின்னால் தள்ள வேண்டும். தள்ளியதும் மூன்று கேமராவும் ஒரே நாளைச் சொல்ல ஆரம்பித்தன.

உங்கள் படங்களிலும் கடிகாரத்தைத் தேடுங்கள். கைக்கடிகாரம், ரயில் நிலையக் கடிகாரம், அச்சிட்ட பயணச்சீட்டு. எதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு கேமராக்களும் ஒரே நொடியைப் பிடித்த இடத்தைத் தேடுங்கள், குரூப் போட்டோ எடுக்கும்போது எல்லாரும் அவரவர் கேமராவில் ஒன்று எடுப்பார்களே, அதுபோல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தள்ள வேண்டிய அளவு.

தள்ளுவதற்கு டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு ஃபோல்டரை முழுசாகத் தேர்ந்தெடுத்து இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று நகர்த்திவிடலாம். கட்டளை தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு எக்ஸிஃப்டூல். எதுவானாலும் காப்பியின் மேல்தான் செய்ய வேண்டும்.

நேரமே இல்லாத படங்களை எங்கே சொருகுவது? தலைமுடி காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா, செருப்பு சுத்தமா சேறா, தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு மிச்சம், நிழல் நீளமா குட்டையா என்று பாருங்கள். துப்பறிவதுபோல இருக்கும், பிள்ளைகளிடம் விட்டால் போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

காகிதப் படங்களாக இருந்தால்

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வையுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும், பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பார்க்க அது போதும். நெகட்டிவ் சின்னது என்பதால் அதற்கு 2400 டிபிஐயாவது வேண்டும். ஸ்கேனர் இல்லையா, ஜன்னல் பக்கம் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் படத்தை மட்டமாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனை அதற்கு நேர் இணையாகப் பிடித்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். அதில் யாருடைய கையெழுத்திலாவது ஒரு தேதி இருக்கும்.

பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பசையோடு ஒட்டும் பழைய ஆல்பம் என்றால் பிய்த்து இழுக்கக் கூடாது. முதலில் பக்கத்தை முழுசாக அப்படியே படம் எடுங்கள், வரிசை போய்விடக் கூடாது. அப்புறம் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்தினால் பல படங்கள் கழன்று வரும். வராததை விட்டுவிடுங்கள்.

இனி பார்க்கலாம்

முதல் சுற்று, தனியாக. இருப்பதிலேயே பெரிய திரையில், முதல் படத்திலிருந்து கடைசிவரை. எதையும் அழிக்காதீர்கள், எதையும் தாண்டாதீர்கள். ஒரே காட்சியை ஏழு முறை எடுத்திருந்தால் ஏழையும் பாருங்கள். ஏழாவதில்தான் யாராவது சிரிப்பை நிறுத்திவிட்டு நிஜ முகத்தோடு இருப்பார்கள்.

இரண்டாவது சுற்றுக்கு ஐந்தாறு படம் போதும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். கேட்க நீளமாகத் தெரியாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதல் ஒரு நிமிடம் முகங்களிலேயே போய்விடும். அப்புறம் கைகளைப் பாருங்கள், யார் எதைப் பிடித்திருக்கிறார்கள். கால்களைப் பாருங்கள். நடுவில் நிற்பவர்களை விட்டுவிட்டுப் பின்னால் நடப்பதைப் பாருங்கள். யார் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்? அங்கே என்ன இருந்தது? கடைசியாக, இதை எடுத்தவர் யார், எங்கே நின்றார், உட்கார்ந்திருந்தாரா? கோணம் தாழ்வாக இருந்தால் எடுத்தது ஒரு குழந்தையாகக்கூட இருக்கலாம்.

அந்த அருவிப் பயணத்தில் ஒரு படம் இருக்கிறது. ஓடும் வேனிலிருந்து யாரோ தெரியாமல் அமுக்கியது. வெளியே பச்சையாக ஏதோ கோடு கோடாக ஓடுகிறது, வேறொன்றுமில்லை. வேறு நாளாயிருந்தால் முதலில் அழித்திருப்பேன். ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்ததில், கண்ணாடியின் வலது ஓரத்தில் வண்டியின் உட்புறம் மங்கலாகப் பிரதிபலிப்பது தெரிந்தது. ஜன்னலோரம் அக்கா, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் நான், வாயைத் திறந்தபடி தூங்குகிறேன். மடியில் சுருட்டிய ஈரத் துண்டு. படத்தைத் திறப்பதற்கு முன் நான் எழுதிய தாளில் என்ன இருந்தது தெரியுமா? 'திரும்பும்போது ஜன்னல் சீட் எனக்கு, வழி முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன்.' ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்காததற்காகப் பல வருடம் அக்கா என்னைத் திட்டியிருக்கிறாள், நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருமே தப்பு. படத்தை அவளுக்கு அனுப்பினேன். "அது போற வழியா இருக்கும்" என்று பதில் வந்தது. துண்டு ஈரமாக இருக்கிறதே என்றேன். பதில் இல்லை.

மூன்றாவது சுற்று அதனால்தான் இன்னொருவரோடு. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சிறப்பு, தூரத்தில் இருந்தால் வீடியோ அழைப்பில் திரையைக் காட்டலாம். ஒரு தடவைக்கு முப்பது படத்துக்கு மேல் வேண்டாம், பேச்சு களைத்துவிடும். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் "ம்ம், இருக்கு" என்று முடிந்துவிடும். "இதுக்கு அப்புறம் எங்க போனோம்?", "இந்தக் குடை யாரோடது?", "இவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கிறார்?" என்று சின்னதாகக் கேளுங்கள், பெரிய கதை வரும். பெரியவர்கள் தேதியையோ ஊரையோ மாற்றிச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். திருத்தினால் கதை அங்கேயே நின்றுவிடும். அவர்கள் சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்துகொண்டு, பிறகு சரிபார்க்கலாம்.

இப்போது நம்மோடு இல்லாத ஒருவரோ, பிரிந்துபோன ஒருவரோ படங்களில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று திரையில் வந்து நின்றால் சிலருக்குத் தாங்காது. அந்தப் படங்களைத் தனியாக எடுத்து வைத்து, அவர்களாகக் கேட்கும்போது காட்டலாம்.

படத்தில் தெரியாததை எழுதுங்கள்

'அருவியில் எல்லாரும்' என்று எழுதுவதால் பயனில்லை, அது படத்திலேயே தெரிகிறது. 'அக்காவின் செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட்டது, திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா செருப்பைப் போட்டு நடந்தாள், படம் எடுத்தது சித்தி' என்று எழுதினால் இருபது வருடம் கழித்து ஒருவருக்கு அது முழு நாளையும் திறந்துவிடும். ஆட்களின் பெயரைப் பெயராகவே எழுதுங்கள். உங்களுக்கு அக்கா, உங்கள் பேரப்பிள்ளைக்கு யார்?

எங்கே எழுதுவது என்பதில் ஒரு கவனம். சில இணையச் சேவைகளில் நீங்கள் எழுதும் குறிப்பு அந்தச் சேவையிலேயே தங்கிவிடும், படத்தை இறக்கிக்கொள்ளும்போது படத்துக்குள் ஒட்டிக்கொண்டு வராது. டிஜிகேம் போன்றவற்றில் எழுதினால் கோப்புக்குள்ளேயே சேமிக்கச் செய்யலாம். இதெல்லாம் தலைவலி என்றால் அதே ஃபோல்டருக்குள் ஒரு சாதாரண உரைக் கோப்பு போதும், மேலே படத்தின் எண், கீழே கதை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

தேர்வும் பிரிண்டும்

எங்கள் அருவிப் படங்கள் 312. அதில் 26ஐ எடுத்துத் தனி ஃபோல்டரில் காப்பி செய்தேன். அழகான படம் என்று பார்க்கவில்லை, வாய்விட்டுக் கதை சொல்ல வைத்த படம் எது என்று பார்த்தேன். வேன் கண்ணாடிப் படம் அதில் முதலாவது. மீதி 286ஐயும் அழிக்கவில்லை. இன்று வெறும் பாறையாகத் தெரிவது நாளை இன்னொருவருக்கு வேறாகத் தெரியலாம்.

பழைய கேமரா, பிரிண்ட் நன்றாக வராது என்று தயங்க வேண்டாம். 4க்கு 6 அங்குலத்துக்கு 1200க்கு 1800 புள்ளி இருந்தாலே 300 டிபிஐ வந்துவிடும், அது இரண்டு மெகாபிக்சலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிரிண்டின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்.

பத்திரம்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு இது. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேவையிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. போன் படங்கள் தானாக இணையத்துக்கு ஏறுவதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பல சேவைகளில் போனில் அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குப் பிறகு திரும்பாது.

அடுத்த பயணம் கிளம்பும் அன்று காலை, வண்டி ஏறுவதற்கு முன், எல்லாருடைய போனையும் கேமராவையும் எடுக்கச் சொல்லி, வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேலி செய்வார்கள், எடுக்கட்டும். சித்தப்பா கேமராவில் காலை, மாலை சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.